கந்தசட்டிக்குக் கோயிலோடு தங்குபவர்கள் விடும் பிழைகள்

ஐப்பசி வளர்பிறைப் பிரதமையன்று காப்புக் கட்டி, ஆறு நாளும் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலோ ஊர் முருகன் கோயிலிலோ தங்கி விரதமிருப்பது யாழ்ப்பாணத்தில் பலருக்கு வழக்கம். ஆனால் மூன்றாம் நாளே தலையிடி, சிடுசிடுப்பு என்று வீடு திரும்புகிறவர்களும் உண்டு. பசி அவர்களை விழுத்துவது குறைவு. முந்தின கிழமையில் விட்ட பிழையும் பகல் இரண்டு மணிச் சும்மாயிருப்பும்தான் அநேகமாக விழுத்துகின்றன.

தீபாவளியிலிருந்தே பிழை தொடங்கிவிடுகிறது. 2024இல் தீபாவளி ஒக்டோபர் 31, விரதத் தொடக்கம் நவம்பர் 2. 2025இல் ஒக்டோபர் 20, 22. இடையில் ஒரேயொரு நாள். ஆட்டிறைச்சிக் கறியும் பலகாரமுமாக வயிற்றை நிரப்பிவிட்டு அடுத்த நாளுக்கு மறுநாள் பட்டினி கிடந்தால் குடல் சும்மா இருக்குமா? தீபாவளிக்கு மறுநாளாவது கஞ்சி, இடியப்பம் என்று இலேசாக முடித்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய எதிரி தேத்தண்ணி. நாளுக்கு நாலைந்து கோப்பை குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தலையிடி தொடங்கி, இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அதை விரதக் களைப்பென்று நினைத்து வெறும் வயிற்றில் வலிமாத்திரை போடுவார்கள், வயிறு எரியும். பத்து நாளுக்கு முன்பே இரண்டு நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறைத்து வந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

முதல் வருடமே ஆறு நாளும் உபவாசம் என்று சபதம் செய்வது இன்னொன்று. இயலாதவர்கள் ஐந்து நாளும் ஒருபொழுது உண்டு சட்டியன்று மட்டும் உபவாசமிருக்கலாம் என்று ஆறுமுக நாவலரே வழிவிட்டிருக்கிறார். ஆறு வருடம் தொடர வேண்டிய விரதம் இது. முதல் வருடமே முறிந்தால் மற்ற ஐந்துக்கும் மனம் வராது. தண்ணீரையும் விடுவது இன்னும் மோசம். தண்ணீரோ இளநீரோ அடிக்கடி குடியுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். சிறுநீரக வருத்தக்காரருக்கு இளநீர் வேண்டாம், அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்து.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் காப்புக் கட்டக்கூடாது. நடுக்கம், குளிர்வியர்வை வந்து இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அந்த இடத்தில் விரதம் முறிகிறதே என்று யோசிக்க நேரமில்லை.

இனி மனம். காலைப் பூசையும் மாலைப் பூசையும் ஆளைப் பிடித்து வைத்திருக்கும். இடையிலுள்ள பகல்தான் வெறுமை. மடத்துத் திண்ணையில் முதலில் காணிச் சண்டை, பிறகு வெளிநாட்டுச் செய்தி, பிறகு போன். இரவு படுக்கும்போது கோயிலுக்கு வந்ததற்கான அடையாளம் காப்பு மட்டும்தான். புராணப் படிப்பு நடக்கிற கோயிலானால் அதில் போய் இருங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் (பொருள் விளக்கம்) சொல்ல, மனம் தானாக ஓரிடத்தில் நிற்கும். போனை வீட்டில் விட முடியாதென்றால் மாலை ஒரு தடவை மட்டும் திறப்பதென்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அணைத்தால் பதறிப்போய்த் தேடி வருவார்கள்.

அளவுக்கு மிஞ்சிய கணக்கும் பிழைதான். நாளுக்கு 36 உரு (தடவை) ஓதுமாறு கந்தசட்டி கவசத்தில் வருகிறதென்று பலர் முதல் நாளே அதில் இறங்குகிறார்கள். பொருள் விளங்க ஓத ஒரு உருவுக்குக் கால் மணித்தியாலம் என்று வைத்தாலும் ஒன்பது மணித்தியாலம்! மாலைக்குள் நாக்கு ஓடும், மனம் எங்கோ நிற்கும். காலை மூன்று, மாலை மூன்று போதும். சரவணபவ மந்திரத்தை மூச்சோடு சேர்த்து நாலு செக்கனுக்கு ஒன்றாகச் சொன்னால் 108 உருவுக்கு ஏழு நிமிடம் பிடிக்கும். அதை ஒரே நேரத்தில், ஒரே தூணடியில், ஆறு நாளும் செய்து பாருங்கள்.

ஐப்பசி மழைக்காலம். கிணற்றடியில் முழுகிய ஈர உடுப்போடு நிற்காமல் இரண்டு சோடி காய்ந்த உடுப்பும், நுளம்பு வலையும் கொண்டுபோங்கள்.

ஆறாம் நாள் சூரன்போர். உடம்பு மிகவும் சோர்ந்திருக்கும் அன்றுதான் பின்னேர வெயிலில் வீதியில் நெருக்குப்படுகிறோம். சூரன் தலை மாறிமாறி வர, மயங்கி விழுபவர்களும் அங்கேதான். போகுமுன் தண்ணீர் குடித்து, நிழல் விழும் பக்கத்தில், சாய மதிலுள்ள இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

கடைசிப் பிழை பாறணை, அதாவது விரதம் முடித்து உண்பது. ஏழாம் நாள் காலை வாழையிலையில் எட்டுக் கறி, வடை, பாயாசம்! ஐந்து நாளுக்கு மேல் ஒன்றும் சாப்பிடாதவர் இப்படி ஒரேயடியாக உண்டால் இரத்தத்தில் பொசுபரசும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இதயம் தடுமாறலாம். முதலில் அரைக் கோப்பைக் கஞ்சி, இரண்டு மணித்தியாலம் விட்டு குழைந்த சோறும் பருப்பும், மறுநாள் மற்றவை. பாறணையன்று பகல் நித்திரை கூடாதென்பதும் வழக்கம். எட்டுக் கறியோடு உண்டவர் எத்தனை மணிக்குக் கண்ணயர்வார் என்று சொல்லத் தேவையில்லை.