டீ நேரத்துப் பேச்சுக்கு நாலு தகவல்

மாட்டுத்தாவணி பக்கம் எங்கள் ஆபீஸ். நாலு மணிக்கு டீ வரும்போது சில நாள் ஒருபால் திருமணப் பேச்சும் கூடவே வந்துவிடும். "அதான் 2018-லயே சட்டமாயிருச்சுல்லண்ணே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அங்கேயே பிடித்துவிடுங்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, வயதுவந்தோரின் சம்மத ஒருபால் உறவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின்படி குற்றமில்லை என்றது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அங்கீகாரம் தர 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஜோடியாகத் தத்தெடுக்கும் உரிமை 3-க்கு 2 என்ற கணக்கில் கைநழுவியது. ஒற்றை ஆளாகத் தத்தெடுக்கலாம். ஆனால் தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தர மாட்டார்கள். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் குழம்புவார்கள், நானும் குழம்பியிருக்கிறேன்.

நம்மூர்ச் சங்கதியும் ஒன்று உண்டு. இந்து திருமணச் சட்டம் சொல்லும் 'மணமகள்' என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று 2019-ல் தீர்ப்பளித்தது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ஒத்தக்கடை பஸ்ஸில் போகும்போது பார்க்கிறோமே, அதே கட்டடம்தான்.

பேச்சு சூடானால் "நீ அப்படியா?" என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள். வாயே திறக்காமல் வடையைப் பிய்த்துக்கொண்டிருப்பவருக்கு அது சொந்தக் கதையாக இருக்கலாம்.