கைக்குழந்தையோடு டிஸ்னி வேர்ல்டு போகிறீர்களா?

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் 3 வயது ஆகாத பிள்ளைக்கு டிக்கெட்டே கிடையாது, அதனால் மூன்றாவது பிறந்தநாளுக்கு முன்பே போய்விட்டால் லாபம். பிள்ளையை உட்கார வைக்கும் தள்ளுவண்டியை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். வாடகை வண்டியைப் பார்க்கிலேயே விட்டுவிட்டு வர வேண்டும், அங்குள்ள பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டம் என்றால் வாசலிலிருந்து கார் நிறுத்துமிடத்துக்கே மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும், தூங்கிப்போன பிள்ளையை இரவில் அவ்வளவு தூரம் தோளில் சுமக்க யாரால் முடியும்?

ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டருக்கு 44 அங்குல உயரம் வேண்டும், குட்டிக்கு வாய்ப்பே இல்லை. சரி, நீங்களாவது ஏற வேண்டாமா? அந்த ரைடின் வாசலில் நிற்கும் ஊழியரிடம் ‘ரைடர் ஸ்விட்ச்’ கேளுங்கள். ஒருவர் வரிசையில் நின்று போய்வரும்வரை மற்றவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம், அப்புறம் அவர் முழு வரிசையும் நிற்காமலே ஏறலாம். டம்போ என்ற பறக்கும் யானை ராட்டினத்துக்கு உயரக் கணக்கு இல்லை, காலையில் முதல் வேலையாக அதை முடித்துவிடுங்கள்.