நியூஃபவுண்ட்லாந்தை அறிய முதலில் சிக்னல் ஹில் ஏறுங்கள்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகருக்குப் புதிதாக வருகிறவர்களை நான் முதலில் சிக்னல் ஹில் என்ற குன்றின் மேல்தான் கூட்டிப்போவேன். ஜூன் மாதமானாலும் காதை மூடும் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், காற்று ஆளையே தள்ளும்.

மேலே நின்று கிழக்கே பாருங்கள். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கிராண்ட் பேங்க்ஸ் என்ற ஆழம் குறைந்த கடல்மேடு இருக்கிறது. லாப்ரடாரின் குளிர்நீரோட்டமும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் அந்தப் பக்கம் சந்திக்கின்றன. காட் மீன் அங்கே செழித்ததற்கும், இங்கே இவ்வளவு மூடுபனி வருவதற்கும் அதுவே காரணம்.

அப்புறம் கீழே துறைமுகத்தைப் பாருங்கள். பெரிய கப்பல்களில் பல நடுக்கடலில் உள்ள எண்ணெய் மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகிறவை. 315 கி.மீ. தள்ளியிருக்கும் ஹைபர்னியா என்ற மேடையில் 1997இல் எண்ணெய் வரத் தொடங்கியது. அதற்கு முன், 1992 ஜூலையில், காட் பிடிக்கத் தடை வந்து சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்போது கரையேற்றிய படகை இன்னும் விற்கவில்லை. இதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் பொறுமையாகக் கேளுங்கள். அது வெறும் வேலைக் கணக்கு அல்ல, ஊர் ஊராகக் காலியான கதை. இன்று மீன்பிடியில் பணம் தருவது பெரும்பாலும் நண்டும் இறாலும்தான்.

கடையில் வெறுமனே ‘மீன்’ என்றால் காட் தருவார்கள். வேறு மீன் வேண்டுமென்றால் பெயரைச் சொல்லுங்கள்.

நியூஃபவுண்ட்லாந்தோடு சேர்ந்து ஒரே மாகாணமாக இருக்கும் பெருநிலப் பகுதியான லாப்ரடாரை வரைபடத்தில் விட்டுவிடாதீர்கள். மாகாணப் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு அது. இரும்புத்தாதுவும் சர்ச்சில் ஃபால்ஸ் நீர்மின்சாரமும் அங்கேதான். கடைசியாக, செயின்ட் ஜான்ஸில் இருக்கும்போது கடிகாரத்தை, நோவா ஸ்கோஷியா மாகாணத்து ஹாலிஃபாக்ஸ் நகரின் நேரத்தைவிட அரை மணி முன்னே தள்ளி வையுங்கள்.