குண்டூசியும் நூலும் போதும், கருந்துளையை எடை போட்டுவிடலாம்

ஜூலை நடுவில் இரவு பத்து மணிவாக்கில் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனில் வெளியே வந்து அண்ணாந்தால், பால்வீதியின் மையம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். லோட்ஷெட்டிங் (மின்வெட்டு) புண்ணியத்தில் தெருவிளக்கு அணைந்திருந்தால் பால்வீதியே பளிச்சென்று தெரியும். அந்த மையத்தில், சுமார் 27,000 ஒளியாண்டு தள்ளி, சஜிடேரியஸ் ஏ* என்ற ராட்சதக் கருந்துளை இருக்கிறது. அதை எடை போட உதவியது அதைச் சுற்றிவரும் எஸ்2 என்ற விண்மீன். அதன் பாதையை நாமே வரைவோம்.

வேண்டியவை: ஏ4 தாள், தடித்த அட்டை, இரண்டு குண்டூசி, பென்சில், பார்சல் கட்டும் நூல். தையல் நூல் வேண்டாம். முதல்முறை அது இரண்டு மில்லிமீட்டர் இழுபட்டு, என் கணக்கே கெட்டுப்போனது.

முதலில் 18.1 செ.மீ. இடைவெளியில் ஊசிகளைக் குத்துங்கள். இங்கே ஒரு செ.மீ. என்பது 100 வானியல் அலகு. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்தான் ஓர் அலகு.

அடுத்து, முடிச்சுக்கு முடிச்சு 20.5 செ.மீ. இருக்குமாறு நூலை இரு ஊசியிலும் கட்டுங்கள். பென்சில் முனையால் நூலை விறைப்பாகப் பிடித்தபடி மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி வரையுங்கள். நீள்வட்டம் வந்துவிடும். இடது ஊசி கருந்துளை. வலது ஊசி இருக்குமிடம் வெறும் இடம்தான், அங்கே ஒன்றுமில்லை.

இடது ஊசிக்கும் பக்கத்துக் கோட்டுக்கும் நடுவே ஸ்கேல் வையுங்கள்: 1.2 செ.மீ. (தையல் நூல் எனக்கு 1.3 காட்டியது.) அதாவது 120 அலகு, நெப்டியூனின் தூரத்தைப் போல நாலு மடங்கு. அந்த வளைவில் எஸ்2 நொடிக்குச் சுமார் 7,700 கி.மீ. பறக்கிறது. டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு 1,600 கி.மீ. சாலை, கால் நொடிகூட ஆகாது! மறுகோடியில் வேகம் 500 கி.மீ.க்கும் கீழே இறங்கிவிடும்.

சரி, எடைக்கு வருவோம். நீள்வட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை உள்ள நீளத்தில் பாதி 1,025 அலகு. போனில் 1,025 × 1,025 × 1,025 போடுங்கள். ஒரு சுற்றுக்கு 16 ஆண்டு, ஆகவே 16 × 16 ஆல் வகுங்கள். ஏறத்தாழ 42 லட்சம் வரும். அத்தனை சூரியன்களின் எடை! பாதையின் அளவையும் சுற்றும் காலத்தையும் நடுவிலிருப்பதன் எடையோடு இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதி செய்யும் வேலை இது. வானியலாளர்கள் ரைன்ஹார்ட் கென்ஸலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 1990களிலிருந்து இந்த விண்மீன்களைத் துரத்திப் பிடித்து, 2020இல் நோபல் வாங்கினார்கள்.

அப்புறம் ஒன்று. ஐன்ஸ்டைன் சொன்னபடி இந்தப் பாதை ஒவ்வொரு சுற்றிலும் 0.2 பாகை திரும்புகிறது. நம் தாளில் அது வலது ஊசியை 0.6 மி.மீ. நகர்த்துவதுதான், ஊசியின் கனம். கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் மிகைப்படுத்தி 1.6 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி வரையுங்கள். இன்னும் இரண்டுமுறை நகர்த்தினால் பூவிதழ்கள் விரியத் தொடங்கும். நிஜத்தில் அந்தப் பூ முழுதாக விரிய 29,000 ஆண்டுபோல ஆகும்.