எந்தச் சென்னை, எந்தத் தேதி?

அரசுத் தரவைத் தோண்டுகிற இளைஞர்கள் சென்னையில் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் தப்புகளும் அதே வேகத்தில் பெருகுகின்றன.

முதலாவது, நானும் செய்தது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்ட மக்கள்தொகை 46.46 லட்சம். அதை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரால் வகுத்தேன். சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 10,900 பேர். தி.நகரில் ஒரு சனிக்கிழமை நடந்தவர் இதை நம்புவாரா? அந்த 46 லட்சம் பேரும் பழைய எல்லைக்குள் இருந்தவர்கள். மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது கணக்கெடுப்பு முடிந்தபின், 2011 அக்டோபரில். மாவட்ட எல்லை 2018-ல்தான் அதற்கு ஈடானது. பழைய பரப்பளவால் வகுத்தால் 26 ஆயிரத்தைத் தாண்டும். 155 வார்டுகள் 200 ஆனதும் அப்போதுதான். பழைய பட்டியலின் 120-ஆம் வார்டும் இன்றைய 120-ம் வேறு வேறு ஊர். 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இந்தக் குழப்பத்துக்கு ஆயுசு கெட்டி.

ஏரி நிலவரத்திலும் இதே கதை. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. 12 அடி என்று பார்த்ததும் 'பாதி ஏரி' என்று எழுதிவிடாதீர்கள். ஏரி கிண்ணம் மாதிரி, அடியில் குறுகல். மில்லியன் கன அடிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். மழைக்கணக்கு காலை 8.30-க்கு முடியும் 24 மணி நேரத்துக்கானது. அதனால் 2015 டிசம்பர் 1 அன்று கொட்டிய பேய்மழையில் பெரும்பகுதி 2-ஆம் தேதிக் கணக்கில் இருக்கும்.

பழைய தமிழ் எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் வருவது கிறுக்கல். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டு, பத்து வரியையாவது மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, எடுத்ததும் தகவல் உரிமை மனு போடுவது. தமிழ்நாடு 1997-லேயே சட்டம் கொண்டுவந்த மாநிலம் என்ற பெருமை நமக்கு உண்டு. ஆனால் 2005 மத்தியச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. 2012-ல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும் வந்தது. ஏற்கெனவே வலையேற்றிய பட்டியலைக் கேட்டு எழுதினால், முப்பது நாள் காத்திருந்தபின் 'இணையதளத்தில் காண்க' என்று ஒருவரி பதில் வரும். எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது.