முகாமில் முதன்முறை சமைப்பவர்களுக்கு: ஒரு பாத்திரம், ஓர் அடுப்பு, மூன்று உணவுகள்

கூடாரம் அடித்துத் தங்கும் பயணத்துக்குப் புறப்படுபவர்கள், என்ன சமைக்கலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். கையில் எவ்வளவு எரிபொருள் இருக்கும், நல்ல நீர் எங்கே கிடைக்கும், பாத்திரத்தை எங்கே கழுவுவது ஆகிய மூன்றுக்கும் முதலில் விடை கண்டுவிட்டால், என்ன சமைப்பது என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும். கீழே உள்ள மூன்று உணவுகளும் அந்தக் கணக்கின்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

முகாம் சமையலில் பாதி வேலையை வீட்டுச் சமையலறையிலேயே முடித்துவிடலாம். அரிசி, பருப்பு, உப்பு, மசாலாத் தூள் ஆகியவற்றை அளந்து, வேளைக்கு ஒரு பையாகக் கட்டி, எவ்வளவு நீர் ஊற்ற வேண்டும் என்பதையும் அந்தப் பையின் மேலேயே எழுதி வையுங்கள். இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் அளந்து கொட்டுவது எளிதன்று.

கெட்டுப்போகக்கூடிய உணவு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இருக்கும்போது நுண்ணுயிரிகள் விரைவாகப் பெருகும். அத்தகைய உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு. ஐஸ் பெட்டி கொண்டுபோவதாக இருந்தால், நீர் நிரப்பிய பாட்டில்களை முந்தைய நாளே உறைய வைத்து அடுக்குங்கள். அவை சிறு ஐஸ் கட்டிகளைவிட மெதுவாக உருகும், உருகிய பின் குடிக்கவும் உதவும். முதல் பயணத்திலேயே பச்சை இறைச்சியை எடுத்துச் செல்ல வேண்டாம் என்பது என் கருத்து. அதைக் குளிர்ச்சி குறையாமல் காப்பதும், தொட்ட கையையும் பலகையையும் கழுவிக்கொண்டே இருப்பதும் புதியவருக்கு வீண் சுமை.

அடுப்பை வைக்கும் இடம்

கூடாரத்துக்குள் எந்த அடுப்பையும் பற்றவைக்கக் கூடாது. மழை பெய்தாலும் இதற்கு விலக்கில்லை. துணி தீப்பிடிப்பது ஒரு ஆபத்து என்றால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, மூடிய இடத்தில் சேர்ந்து உயிரைப் பறிப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. திறந்த வெளியில் சமமான தரையில் அடுப்பை வைத்து, காற்று வரும் பக்கம் மட்டும் ஒரு தடுப்பு வையுங்கள். எரிவாயுக் குப்பியின் தலையிலேயே பொருத்தும் அடுப்பாக இருந்தால், அதைச் சுற்றிலும் தடுப்பால் மூடிவிடாதீர்கள். வெப்பம் உள்ளேயே தங்கிக் குப்பி சூடேறி வெடிக்கக்கூடும். கடுங்குளிரில் அடுப்பு மங்கலாக எரிந்தால், அடுப்பு பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பியூட்டேன் வாயு 0 டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாகாமல் திரவமாகவே நின்றுவிடும் என்பதால், அத்தகைய இடங்களுக்குப் புரொப்பேன் கலந்த குப்பி தேவை.

இரவு உணவு: ஒரே பாத்திரத்தில் அரிசியும் பருப்பும்

மூன்று பேருக்கு ஒரு கோப்பை அரிசி, அரைக் கோப்பை உடைத்த மைசூர் பருப்பு, நான்கு கோப்பை நீர் வேண்டும். முகாமை அடைந்ததும், கூடாரத்தைப் பிரிப்பதற்கு முன்பே அரிசியையும் பருப்பையும் கழுவி, அளந்த அதே நீரில் ஊற வைத்துவிடுங்கள். கூடாரம் அடித்து முடிக்கும் அரை மணி நேரத்தில் அவை ஊறி, எரிபொருள் செலவும் குறையும். இந்த உணவுக்கு மைசூர் பருப்பைச் சொல்வதற்குக் காரணம், அது அரிசி வேகும் நேரத்திலேயே வெந்துவிடும் என்பதுதான்; முழுப் பயறு வகைகளுக்கு அந்த அவசரம் கிடையாது.

அடுத்து, பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி, சீரகம் பொரிந்ததும் நறுக்கிய ஒரு வெங்காயத்தைப் போட்டு, அதன் ஓரம் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள். கேரட், பீன்ஸ் போன்ற கெட்டியான காய்களைச் சிறிதாக நறுக்கிச் சேர்த்து, மஞ்சள் தூளையும் மிளகுத் தூளையும் தூவி, ஊறிய அரிசி பருப்பை நீரோடு ஊற்றி உப்பிட்டு மூடுங்கள். மூடி இல்லாமல் கொதிக்க வைப்பதைப் போல் வாயுவை வீணாக்கும் காரியம் வேறில்லை.

நன்றாகக் கொதித்ததும் தணலைக் குறைத்து 8 நிமிடங்கள் மட்டும் வேகவிட்டு, அடுப்பை அணைத்துவிடுங்கள். பாத்திரத்தை மூடியைத் திறக்காமல் அப்படியே ஒரு தடித்த துண்டில் சுற்றி, அதன்மேல் ஒரு கம்பளியையும் இறுக்கிச் சுற்றி அரை மணி நேரம் வைத்தால், மிச்சமுள்ள சூட்டிலேயே சோறு குழைந்து வெந்திருக்கும். இதில் இரண்டு நன்மைகள் உண்டு: வாயு மிச்சமாகிறது, அடி பிடிப்பதில்லை. திறந்தவுடன் ஆவி பறக்க உண்டுவிடுங்கள். மீந்ததைக் காலைக்கு வைக்க வேண்டாம்.

மலை உச்சியில் இந்த நேரக் கணக்கு பொருந்தாது. உயரம் 300 மீட்டர் கூடும்போது நீரின் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி குறைவதால், 3000 மீட்டர் உயரத்தில் நீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் அதற்கு மேல் சூடாகாது. அங்கே அடுப்பில் வேகும் நேரத்தை இரட்டிப்பாக்கி, அரைக் கோப்பை நீரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கங்கில் சுட்ட உருளைக்கிழங்கு

தீ மூட்ட அனுமதி உள்ள இடமாக இருந்தால் மட்டும் இதைச் செய்யலாம். புதியவர்கள் கொழுந்துவிட்டு எரியும் தீயில், அலுமினியத் தாளில் பொதிந்த கிழங்குப் பொட்டலத்தை வைத்துவிடுவதால் வெளியே கருகி உள்ளே வேகாமல் போகிறது. சுடர் அடங்கி, கங்கின் மேல் வெண்சாம்பல் படர்ந்து, ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை நான்கைந்து விநாடிகள் பிடிக்க முடிகிற பதம்தான் சரியானது.

உருளைக்கிழங்கை அரை சென்டிமீட்டர் தடிமனான வில்லைகளாக நறுக்கி, எண்ணெய், உப்பு, மிளகுத் தூள் பிசறிக்கொள்ளுங்கள். அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக விரித்து, முதலில் வெங்காய வில்லைகளைப் பரப்பி, அதன்மேல் கிழங்கை அடுக்கி, விளிம்புகளை மடித்து மூடிக் கங்கின் மேல் வையுங்கள். அடியில் உள்ள வெங்காயம் கருகினாலும் கிழங்கு தப்பிவிடும். பாதியில் ஒருமுறை திருப்பிவிட்டு, அரை மணி நேரம் சென்றதும் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். எலுமிச்சைச் சாற்றைப் பொட்டலத்தைப் பிரித்த பிறகே பிழிய வேண்டும், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். தாளைத் தீயில் போட்டால் எரிந்து மறையாது. மடித்துத் திரும்ப எடுத்து வாருங்கள்.

காலையில்

ஓட்ஸ், பால் பவுடர், சர்க்கரை, உலர்திராட்சை ஆகியவற்றை வீட்டிலேயே கலந்து கொண்டுபோனால், கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைப்பதோடு வேலை முடிந்தது. ஓடை நீரைப் பயன்படுத்துவதானால், அது தெளிவாகத் தெரிந்தாலும் கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்க வைப்பது கட்டாயம்.

பாத்திரங்களை ஓடையில் முக்கிக் கழுவாமல், நீரை மொண்டுகொண்டு 60 மீட்டராவது விலகிச் சென்று கழுவி, பருக்கைகளை வடிகட்டிக் குப்பைப் பையில் போடுங்கள். உணவுப் பையையும் குப்பைப் பையையும் உறங்கும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, மணம் விலங்குகளை வரவழைக்கும். புறப்படும் முன் கங்கின்மேல் நீரூற்றிக் கிளறி, மீண்டும் நீரூற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோனால் சிறிதும் சூடு தெரியாத வரை அங்கேயே இருங்கள்.