கினோவாவும் நுவரெலியா மரக்கறியும்

தானியம்போல் சமைக்கும் தென் அமெரிக்க விதையான கினோவா கசக்கிறது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் கசப்பு, மணியின் மேல் படிந்திருக்கும் சப்போனின் என்ற நுரைக்கும் பொருளால் வருவது. சிறுகண் வடிகட்டியில் இட்டு, குழாய்த் தண்ணீரில் நுரை அடங்கும்வரை கையால் தேய்த்துக் கழுவுங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

ஒரு கோப்பைக்கு இரண்டு கோப்பை தண்ணீர். பைக்கற்றில் 15 நிமிடம் என்றிருக்கும். ஆனால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும்; ஆகவே இன்னும் சில நிமிடங்கள் வேகவிடுங்கள். மணி கண்ணாடிபோலாகி, வெள்ளை வால் ஒன்று சுருண்டு தெரிந்தால் பதம் சரி.

கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து, பொடியாக அரிந்த கரட், போஞ்சி, லீக்ஸை வதக்கி, வெந்த கினோவாவைச் சேர்த்துக் கிளறுங்கள். லீக்ஸின் பச்சைத் தாளையும் சேருங்கள்; அடுக்குகளுக்கிடையே மண் இருக்கும், பிரித்துக் கழுவ வேண்டும்.

இறக்கியதும் தேசிக்காய் பிழியுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணீரோ அதைத் தடுக்கிறது. மலையகப் பெண்களிடையே இரத்தச்சோகை பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஒரு மணி நேரமாவது பொறுத்துக் குடியுங்கள்.

கினோவா விலை கூடியது. சிவப்பரிசிச் சோற்றோடு பாதிக்குப் பாதி கலந்தாலும் நன்றாகவே இருக்கும்.